பூட்டின கிளியர் க்ரீக்கும் நாங்க எழுதின கடிதங்களும்

சான் ஹோசேல இருந்து ஹோலிஸ்டர் தாண்டி ஹைவே 25 புடிச்சு தெக்க போனா வலது கைப்பக்கம் பின்னக்கிள்ஸ் பாறைங்க தெரியும், அதையும் தாண்டி கோலிங்கா ரோட்ல இடது பக்கம் திரும்பி, ஒரு ஓடைய அங்கங்க தண்ணில இறங்கி ஏறி கடந்தா கிளியர் க்ரீக் வந்துரும். வீட்ல இருந்து ரெண்டு ரெண்டரை மணி நேரம். 2003ல வேலைக்குன்னு கலிஃபோர்னியா வந்த எனக்கு மண் பாதைல ஓட்டுற டர்ட் பைக் ஓட்ட கத்துக்கொடுத்ததே அந்த மலை தான். பாதி மலைல ஒரு புல்லு கூட மொளைக்காது, பாம்புத்தோல் மாதிரி பச்சையும் சாம்பலுமா மினுமினுக்குற செர்பென்டைன் பாறை, மீதி பாதில திடீர்னு பைன் மரக்காடு, உச்சில சான் பெனிட்டோ மலை 5,000 அடிக்கு மேல. மழை பெஞ்ச மறுநாள் மத்த எடத்துல எல்லாம் சேறு டயர்ல அப்பிக்கும், இங்க தண்ணி உடனே வடிஞ்சு மண்ணு நல்லா புடிச்சு நிக்கும், அதனால டிசம்பர் ஜனவரின்னா எங்க ஆபீஸ் கேங்கு நாலு பேரும் அங்க தான் கெடப்போம்.

2008 மே 1, வியாழக்கிழமை, அத பூட்டிட்டாங்க.

கொஞ்சம் பின்னணி சொல்லணும். இது தனியார் இடம் இல்ல, பார்க்கும் இல்ல, மத்திய அரசோட பொது நிலம். இதெல்லாம் பிஎல்எம்னு ஒரு துறை கையில இருக்கு, நாடு முழுக்க 24 கோடி ஏக்கருக்கு மேல வெச்சிருக்காங்க. நம்ம ஊரு புறம்போக்கு மாதிரின்னு நெனச்சுக்காதீங்க, ஒவ்வொரு பாதைக்கும் நம்பர் இருக்கும், எந்தப் பாதைல எந்த வண்டி போலாம்னு திட்டம் இருக்கும். கிளியர் க்ரீக்ல 2006ல தான் சுமார் 240 மைல் பாதைய வண்டிக்குன்னு முடிவு பண்ணி வெச்சிருந்தாங்க. ரெண்டே வருஷத்துல சுற்றுச்சூழல் துறை ஈபிஏ ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. அந்த செர்பென்டைன் பாறைக்குள்ள இயற்கையாவே ஆஸ்பெஸ்டாஸ் இருக்கு, வண்டி ஓட்டும்போது கிளம்புற தூசில அந்த நார் கலந்து வருது, வருஷத்துக்கு ஒரு தடவைக்கு மேல போனாலே புற்றுநோய் அபாயம் அவங்க ஏத்துக்குற அளவ தாண்டலாம்னு. அறிக்கை வந்த அன்னைக்கே நடுவுல இருக்குற 31,000 ஏக்கர பிஎல்எம் மூடிட்டாங்க. வருஷத்துக்கு சுமார் 35,000 பேர் வந்துட்டு இருந்த எடம்.

எனக்கு மொதல்ல வந்தது கோவம் இல்ல, பயம். கடைசி ட்ரிப் முடிஞ்சு வந்து கராஜ்ல கழட்டி வெச்ச ஏர் ஃபில்டர் இன்னும் பக்கெட்ல ஊறிட்டு இருந்துச்சு, தண்ணி அடியில திருநீறு கரைச்சு விட்ட மாதிரி வெளுப்பா ஒரு படலம். அத விரலால தொட்டுப் பாத்துட்டு கையெடுத்துட்டேன். அஞ்சு வருஷமா அந்த ஜெர்சிய வீட்டுத் துணியோட சேத்துப் போட்டு துவைச்சிருக்கோம். அப்ப பையனுக்கு அஞ்சு வயசு, போன குளிர்காலத்துல தான் சின்ன அம்பது சிசி வண்டில கேம்ப்கிட்ட சுத்த விட்டேன். அறிக்கைல குழந்தைங்க மூச்சு விடுற உயரத்துலயும் அளந்திருக்காங்க, முன்னாடி போறவன விட பின்னாடி வர்றவன் தான் அதிகமா மூச்சுல இழுக்குறான்னும் இருந்துச்சு. பையன் எப்பவும் என் பின்னாடி தான் வருவான். வீட்டுக்காரம்மா அந்தப் பக்கத்த படிச்சுட்டு "ஏங்க, இவன அங்க இனிமே கூட்டிட்டுப் போக வேணாம்"னு மட்டும் சொன்னாங்க. சரின்னேன். அந்த வார்த்தைய இன்னைக்கு வரைக்கும் மாத்தல. இத ஏன் மொதல்லயே சொல்றேன்னா, இத மறைச்சுட்டு "திற திற"ன்னு கத்துனா எவனும் நம்ப மாட்டான், நம்பவும் கூடாது. நான் கேட்டது வேற, அபாயம் என்னன்னு தெரிஞ்ச ஒரு பெரிய ஆளு, தான் போறதா வேணாமான்னு தானே முடிவு பண்ண வழி வேணும்னு.

சரி, என்ன பண்ணோம்னு சொல்றேன், எங்க தப்பு பண்ணோம்னும் சொல்றேன்.

மொத தப்பு, எண்ணிக்கை பின்னாடி ஓடுனது. ஒரு கடிதம் டைப் பண்ணி, கீழ பேரு மட்டும் மாத்திக்கன்னு ஆபீஸ்ல, கோயில்ல, கிரிக்கெட் க்ரவுண்ட்லன்னு பாக்குறவன்கிட்ட எல்லாம் குடுத்து வாங்கினோம், முந்நூறு பக்கம் தேறுச்சு, பெரிய கட்டு. அத பெருமையா வெச்சுட்டு இருந்தப்ப, முப்பது வருஷமா அங்க ஓட்டுற ஒரு வெள்ளைக்காரப் பெரியவர் கட்ட எடுத்து மேல ரெண்டு பக்கம் புரட்டிட்டு கீழ வெச்சுட்டாரு. "முந்நூறு பேர் ஒரே வரிய சொன்னா அவங்க ஒரே ஒரு பதில் எழுதிட்டுப் போயிடுவாங்க தம்பி"ங்குற மாதிரி சொன்னாரு. அது தான் உண்மை. இங்க இந்த மாதிரி பொது நிலத்துல பெரிய முடிவு எடுக்கும்போது சட்டப்படி ஒரு சுற்றுச்சூழல் அறிக்கை வரைவு விடுவாங்க, மக்கள் கருத்து கேப்பாங்க, ஆனா அது ஓட்டுப்பெட்டி இல்ல. "எனக்கு இந்த எடம் புடிக்கும், மூடாதீங்க"ன்னு ஆயிரம் பேர் எழுதினாலும் அதுக்கு நன்றி தான் வரும். "உங்க அறிக்கைல இந்தப் பக்கத்துல இப்படி கணக்கு போட்டிருக்கீங்க, நெசத்துல இப்படி நடக்குது, அதனால இந்த மாற்று வழியயும் பரிசீலிங்க"ன்னு ஒருத்தன் எழுதுனா அதுக்கு அவங்க தனியா பதில் சொல்லியே ஆகணும்.

கிளியர் க்ரீக்குக்கு வரைவு 2009 கடைசில வந்துச்சு, தலையணை கனம். அத எங்க சாப்பாட்டு மேசை மேல விரிச்சு, பக்கத்துல பழைய பேப்பர் மேப்பு, நாலு பேரும் ஆளுக்கு ஒரு அத்தியாயம்னு பிரிச்சுக்கிட்டோம். அந்த மேசைல நான் எழுதுனது ஏறக்குறைய இப்படி: நான் வருஷத்துக்கு ஆறு நாள் போவேன், நவம்பர்ல இருந்து ஏப்ரலுக்குள்ள மட்டும், ஓக் ஃப்ளாட்ல கூடாரம், காலைல பனி ஈரம் காயுறதுக்குள்ள பாதி சவாரி முடிச்சுருவோம், முன்னாடி போறவன் தூசி அடங்குன பிறகு தான் அடுத்தவன் கிளம்புவான், துணிய அங்கயே கவர்ல போட்டு கட்டிருவோம். அப்புறம் கேட்டது: முழுசா மூடுறதுக்கும் முழுசா திறக்குறதுக்கும் நடுவுல, ஈரமான மாசங்கள்ல மட்டும், பெரியவங்களுக்கு மட்டும், அபாயத்த படிச்சு கையெழுத்து போட்டு வாங்குற பெர்மிட்டோட திறக்குற மாதிரி ஒரு வழிய ஏன் பாக்கக் கூடாது? ஈரமா இருந்தா அபாயமே இல்லன்னு நான் எழுதல. தெரியாதத எழுதாதீங்க, ஒரு வரி பொய்யா இருந்தா மீதி ஒன்பது வரியும் போயிடும்.

இன்னொரு விஷயம், இது ரொம்ப பேருக்கு தெரியாது. பின்னாடி எப்பயாவது கோர்ட்டுக்கு போற நெலம வந்தா, கருத்து கேட்ட காலத்துல எவனாவது எழுத்துல எழுப்புன விஷயத்த தான் பெரும்பாலும் அங்க பேச முடியும். அன்னைக்கு சோம்பேறித்தனமா விட்டுட்டு அப்புறம் வக்கீல் வெச்சு புதுசா ஒரு வாதம் கொண்டு வந்தா, "இத அப்பவே ஏன் சொல்லல"ன்னு தள்ளிருவாங்க. அதனால எங்க நாலு பேர் லெட்டர்லயும் வேற வேற விஷயம் இருக்குற மாதிரி பாத்துக்கிட்டோம். ஒருத்தன் குடும்பக் கேம்பிங், ஒருத்தன் ஹோலிஸ்டர் பக்கம் செலவு பண்ற காசு, பெட்ரோல், சாப்பாடு, டயர்னு பில்லோட. ஒருத்தன் எந்தெந்த பாதை எந்தெந்த பாதையோட சேருதுன்னு, ஒரு பாதைய மூடுனா மறுபக்கம் அவசரத்துக்கு வெளிய வர வழி இல்லாம போகுதுன்னு மேப்புல பென்சில் போட்டு காட்டுனான்.

விசா விஷயம் கேப்பீங்க. நான் அப்ப எச்1பி. நாம எல்லாம் இதுல கருத்து சொல்லலாமா, ஏதாவது பிரச்சனை வருமான்னு கேங்குல எல்லாருக்கும் ஒரு நடுக்கம், ஒருத்தன் அதுக்காகவே ஒதுங்கப் பாத்தான். கருத்து சொல்ல குடியுரிமை எல்லாம் தேவையே இல்ல, யார் வேணா எழுதலாம், ஓட்டு போடுறது தான் முடியாது. ஒண்ணே ஒண்ணு, நீங்க எழுதுற லெட்டர் பொதுப் பதிவேட்டுல போயிடும், பேரு அட்ரஸ் உட்பட வெளிய தெரிய வாய்ப்பிருக்கு, அத தெரிஞ்சு எழுதுங்க.

ஹோலிஸ்டர்ல ஒரு கூட்டத்துக்கு போனோம். ஆளுக்கு ரெண்டு நிமிஷம். ஹால் நிறைய ஆளு, பாதிப் பேரு ரைடிங் ஜெர்சியோட. மூணாவதா பேசுனவர் மைக்க புடிச்சு மேசைல இருந்த அதிகாரிய பாத்து நீ பொய் சொல்ற, நீ வேலைய விட்டுப் போன்னு கத்த ஆரம்பிச்சாரு, ஹால்ல கைதட்டல், விசில். நானும் தட்டினேன், அப்ப அந்தச் சூடு அப்படி. ஆனா அதுக்கப்புறம் அந்த அதிகாரி பேனாவ மூடி வெச்சுட்டாங்க. நான் பாத்துட்டே இருந்தேன், அடுத்த ஏழெட்டு பேர் நல்ல நல்ல விஷயம் சொன்னாங்க, பேனா திறக்கவே இல்ல. மறுபடி திறந்தது எப்பன்னா, அறுபது வயசு தாண்டுன ஒரு அம்மா எழுந்து வந்தாங்க, கையில ஒரு சின்ன தீப்பெட்டி சைஸ் டப்பா, அதுக்குள்ள நீலமா ஒரு கல்லு.

பெனிட்டோயிட். கலிஃபோர்னியாவோட மாநில ரத்தினம், இந்த மலைல தான் 1907ல கண்டுபிடிச்சாங்க. அந்த அம்மா வண்டியே ஓட்டுனதில்ல, வீட்டுக்காரரோட நாப்பது வருஷமா அங்க கல்லு தேடப் போறவங்க, ஜீப் போகுற பாதை மூடுனதுல முட்டி வலியோட தன்னால அவ்வளவு தூரம் நடக்க முடியாதுன்னு சொன்னாங்க. அவ்வளவு தான், ஒன்றரை நிமிஷம். பேனா எழுதிட்டே இருந்துச்சு.

கூட்டம் முடிஞ்சதும் பார்க்கிங்ல அந்த அம்மாவ தேடிப் போய் பேசுனோம். எங்களுக்கு ஆதரவு திரட்டுறதுன்னா என்னன்னு அன்னைக்கு தான் புரிஞ்சுது. அதுவரைக்கும் பைக்காரன் பைக்காரன்கிட்ட பேசிட்டு இருந்தான். அப்புறம் கல்லு தேடுறவங்க சங்கங்களுக்கு போனோம், அவங்க மாசக் கூட்டத்துல பின் வரிசைல ஒக்காந்து முழுசா கேட்டுட்டு கடைசில அஞ்சு நிமிஷம் கேட்டு வாங்கினோம். மான் வேட்டைக்குப் போறவங்க, காட்டுப்பன்றி வேட்டைக்குப் போறவங்க, அந்த ரோட்ல கடை வெச்சிருக்கவங்க. பைக் கடை வாசல்ல சனிக்கிழமை மடக்கு மேசை போட்டு ஒக்காந்தப்ப கையெழுத்து வாங்குறத நிறுத்திட்டோம், அதுக்கு பதிலா வெறும் பேப்பரும் பேனாவும், "கடைசியா எப்ப போனீங்க, யாரோட போனீங்க, என்ன பண்ணீங்க, மூடுனதுக்கப்புறம் என்ன பண்றீங்க"ன்னு நாலு கேள்வி மட்டும் வாயால கேப்போம், அவங்க சொல்றதையே அவங்களையே எழுத வெப்போம். ஒரு நாளைக்கு பதினஞ்சு இருபது லெட்டர் தான் வரும். அந்த முந்நூறு பக்கத்த விட இது எவ்வளவோ மேல. ஒரு அப்பா எழுதுனது ஞாபகம் இருக்கு, கிளியர் க்ரீக் மூடுனதுல ஹோலிஸ்டர் ஹில்ஸ் பார்க்ல கூட்டம் தாங்கல, எதிர்ல வர்ற வண்டிய பாத்து மகளுக்கு பயம் வந்துருச்சு, ஓட்டுறதையே விட்டுட்டான்னு.

கவுண்ட்டி (நம்ம ஊரு மாவட்டம் மாதிரி) போர்டு கூட்டத்துக்கும் போனோம், ஆனா அங்க நாங்க பேசல, அந்த ஊர்க்காரங்கள பேச வெச்சோம். சான் ஹோசேல இருந்து வந்தவன் பேச்சுக்கும் அங்கயே ஓட்டு இருக்குறவன் பேச்சுக்கும் வித்தியாசம் இருக்குல்ல. இது நம்ம ஊரு பஞ்சாயத்துலயும் அப்படித்தானே.

2011ல மாநில ஆஃப்ரோடு கமிஷன் காசு போட்டு தனியா ஒரு ஆய்வு பண்ண வெச்சாங்க. அதுல அபாயம் ஈபிஏ சொன்னத விட ரொம்ப கம்மின்னு வந்துச்சு. எங்க ஆளுங்களுக்கு தலகால் புரியல, "பாத்தியா, எல்லாம் பொய்"னு ஆரம்பிச்சுட்டாங்க. நான் இதுல கேங்கோட சண்டையே போட்டேன். ஈபிஏ அவங்க முடிவ மாத்திக்கல. ரெண்டு ஆய்வு ரெண்டு மாதிரி சொல்லுதுன்னா நாம சொல்ல வேண்டியது அது தான், ரெண்டு மாதிரி சொல்லுது, ஏன் வித்தியாசம் வருதுன்னு ரெண்டு பேரும் விளக்குங்க, அதுவரைக்கும் நடுவழில திறங்கன்னு. பக்கத்துலயே அட்லஸ்னு பழைய ஆஸ்பெஸ்டாஸ் சுரங்கம் இருக்கு, ஈபிஏ மேற்பார்வைல சுத்தம் பண்ண எடம் அது. நியூ இட்ரியாவுல பாதரசச் சுரங்கம், அதையும் 2011ல சுத்தம் பண்ண வேண்டிய எடம்னு பட்டியல்ல சேத்தாங்க. அப்படிப்பட்ட மலைல நின்னுட்டு இங்க ஒண்ணுமே இல்லன்னு சொல்றவன யாரு மதிப்பா?

2014 பிப்ரவரில முடிவு வந்துச்சு. ஆறு வருஷம். முழுசா மூடவும் இல்ல, முழுசா திறக்கவும் இல்ல. நம்பர் பிளேட் இருக்குற, ரோட்ல ஓட்ட அனுமதி உள்ள வண்டிக்கு மட்டும் சுமார் 32 மைல் பாதை, பெர்மிட் வாங்கணும், ஒரு ஆளுக்கு வருஷத்துக்கு அஞ்சு நாள். 240 எங்க, 32 எங்க. கேங்குல ஒருத்தன் ரோட்ல ஓட்ட அனுமதி இல்லாத பச்சை ஸ்டிக்கர் டர்ட் பைக்க வித்துட்டு விளையாட்டையே விட்டுட்டான். எனக்கு வலிச்சுது, இல்லன்னு சொல்ல மாட்டேன், அந்த ஒத்தையடிப் பாதைங்க எல்லாம் போச்சு. ஆனா அந்த அம்மா போன் பண்ணாங்க, ஜீப்புல போய் வர முடிஞ்சுதுன்னு. பெர்மிட்டோட நடுவழின்னு நாங்க கேட்டதுல ஒரு துண்டாவது வந்துருக்குன்னு நான் எடுத்துக்கிட்டேன், எங்க லெட்டரால தான் வந்துச்சுன்னு சொல்ல என்கிட்ட ஆதாரம் கெடையாது.

அடுத்து சட்டம் வழியா முயற்சி. சாம் ஃபார்னு அந்தப் பகுதி எம்பி, டெமாக்ரட், சுற்றுச்சூழல் பக்கம் நிக்கிறவரு, அவரே மசோதா கொண்டு வந்தாரு, கூட பக்கத்துத் தொகுதி ரிபப்ளிகன் எம்பிங்க ஜெஃப் டென்ஹம், டேவிட் வலடேவோ. இந்த எடத்த தேசிய பொழுதுபோக்குப் பகுதின்னு அறிவிச்சு வண்டிக்கு திறக்கணும், அதே மசோதால ஹோவாகின் ராக்ஸ் பக்கம் சுமார் 21,000 ஏக்கர வண்டியே போகாத காட்டுப்பகுதியா பாதுகாக்கணும். எங்க ஆளுங்கள்ல பாதிப் பேருக்கு அந்த ரெண்டாவது பாதி புடிக்கல, மூடுன எடத்த திறக்கச் சொன்னா இன்னொரு எடத்த மூடுறாங்களேன்னு. நான் மனசார அத ஆதரிச்சேன். அந்தப் பாறைங்க கீழ நின்னு பாத்திருக்கேன், அங்க வண்டி சத்தம் தேவையில்ல. அந்த ரெண்டாவது பாதி இருந்ததால தான் ரெண்டு கட்சியும் ஒரே பேப்பர்ல கையெழுத்து போட முடிஞ்சுதுங்குறது என் எண்ணம்.

எம்பி ஆபீசுக்கு போன் பண்றது எப்படின்னு இங்க பாதி தமிழ் ஆளுங்களுக்கு கூச்சம். ஒண்ணுமில்ல, ஒரு சின்னப் பையனோ பொண்ணோ எடுப்பாங்க, பேரு, எந்த ஊரு ஜிப் கோடு, மசோதா நம்பர், ஆதரிக்கச் சொல்லுங்க, ஒரே ஒரு வரி ஏன்னு. ஒன்றரை நிமிஷத்துல முடிஞ்சுரும். உங்க தொகுதி எம்பிக்கு மட்டும் பண்ணுங்க, மத்த ஆபீசுக்கு பண்ணா எண்ணிக்கைல சேக்க மாட்டாங்க. ஹோலிஸ்டர் பக்கம் இருக்குறவங்கள ஃபார் ஆபீசுக்கும், ஃப்ரெஸ்னோ பக்க உறவுக்காரங்க நண்பர்கள அந்தந்த எம்பிக்கும்னு லிஸ்ட்டு போட்டு பிரிச்சோம். 2016ல கீழ்சபைல பாஸ் ஆச்சு, அன்னைக்கு ராத்திரி தூக்கமே வரல. செனட்ல எடுக்கவே இல்ல. அந்த வருஷக் கடைசியோட அமெரிக்க காங்கிரசோட ரெண்டு வருஷக் காலம் முடிஞ்சா மசோதாவும் செத்துரும், மறுபடி ஒண்ணுல இருந்து தொடங்கணும். ஃபார் ஓய்வு பெற்ற பிறகு வந்த ஜிம்மி பனெட்டா 2017ல மறுபடி கொண்டு வந்தாரு, மறுபடி கீழ்சபை தாண்டுச்சு, மறுபடி செனட்ல நின்னுபோச்சு. இதுல எங்க கணக்கு தப்புனது, கீழ்சபைக்கே எல்லா சக்தியயும் செலவு பண்ணிட்டோம், செனட்டர் ஆபீசுக்கு லெட்டரும் போனும் மொத நாள்ல இருந்தே போயிருக்கணும்.

இன்னொண்ணு கண்டிப்பா சொல்லணும். மூடி இருந்த காலத்துல வேலிய வெட்டிட்டு உள்ள போனவங்க இருந்தாங்க. ஒரு தடவை என்கிட்ட போட்டோ காட்டி பெருமைப்பட்டான் ஒருத்தன். டேய், சான் பெனிட்டோ ஈவ்னிங் ப்ரிம்ரோஸ்னு சுண்டு விரல் நகம் அளவுக்கு ஒரு மஞ்சப் பூ, அதோட முக்கியமான எடமே அந்த ஓடை ஓரம் தான், 1985ல அழியுற அபாயத்துல இருக்குற செடின்னு பட்டியல்ல சேத்தது, அதுக்கு மேல உன் டயர் தடம் இருக்கு பாருன்னு அந்தப் போட்டோவுலயே காட்டுனேன். (2022ல தான் அந்தச் செடிய பட்டியல்ல இருந்து எடுத்தாங்க.) நாங்க ஒரு குளிர்காலம் முழுக்க கூட்டிச் சேத்த நல்ல பேரு அந்த ஒரு போட்டோ வெளிய போயிருந்தா காலி. அதே நேரத்த வேலி கட்டவும் குப்பை எடுக்கவும் வாலண்டியரா செலவு பண்ணவங்க இருக்காங்க, அந்த முகங்கள தான் அதிகாரிங்க பேர் சொல்லிக் கூப்புடுவாங்க, கூட்டத்துல அவங்க எழுந்து நின்னா பேனா திறக்கும்.

பையனுக்கு பதினெட்டு ஆனப்ப ஒரு நாள் கராஜ்ல வந்து நின்னான், என் பிளேட் போட்ட வண்டிய தடவிட்டே "அப்பா, நானும் ஒரு பெர்மிட் போடட்டுமா"ன்னு கேட்டான். நான் பதில் சொல்லல. ஈபிஏ அறிக்கையயும் 2011 அறிக்கையயும் பிரிண்ட் போட்டு ஃபைல்ல வெச்சிருந்தேன், பழைய பென்சில் மேப்பும் அதுலயே இருந்துச்சு, எடுத்து கையில குடுத்தேன், ரெண்டையும் முழுசா படிச்சுட்டு உங்கம்மாகிட்டயும் பேசிட்டு வான்னேன். ரெண்டு வாரம் ஒண்ணும் பேசல. அப்புறம் ஒரு ஞாயித்துக்கிழமை ஃபைலோட வந்தான், பக்கத்துக்குப் பக்கம் மஞ்ச கோடு போட்டிருந்தான்.

"மழை பெஞ்ச மறுநாளா பாத்து போலாம்ப்பா," ன்னான். "ஆனா நான் தான் முன்னாடி போவேன், நீ ரொம்ப தள்ளி வா."

முன்னாடி போறவன விட பின்னாடி வர்றவனுக்கு தான் தூசி அதிகம்னு அவனுக்குத் தெரியும், அதனால தள்ளி வரச் சொல்றான். சரிடான்னேன். அவங்கம்மா உள்ள இருந்து ரெண்டு பேருக்கும் தனித்தனியா துணி கட்ட கவர் எடுத்து வெச்சுட்டுப் போனாங்க.